வலைப்பக்கத்தில் கவிதையின் அடி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேச வல்லார் பலர் நிறைந்த இவ்வவையில், கணிப்பொறியின் குறியீடுகளைப் பற்றி ஒருவன் பேச எழுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் வட்டம் ஒரு முடிவை எடுத்திருக்கிறது. பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளை இணையத்தில் ஏற்றுவது என்பதே அம்முடிவு. அந்த வேலையைக் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அவ்வாறு ஒதுங்கலாகாது என்பதே என் பேச்சின் கருத்து. ஒரு கவிதையில் அடி எங்கே முடிகிறது, எந்தச் சொல் அழுத்தம் பெறுகிறது என்பதைக் கவிஞர் ஒருவரே அறிவார். அதை வலைப்பக்கத்திற்குச் சொல்லும் வழிகள் மிகச் சில. அரை நாளில் கற்றுக்கொள்ளத் தக்கவை. அவற்றை நாம் அறியாதிருந்தால் இழக்கப்போவது கவிதையின் உருவத்தை. புதுக்கவிதையில் உருவத்தை இழப்பதென்பது பொருளில் ஒரு பங்கை இழப்பதேயாகும்.

முதலில் நம் பழைய ஏடுகளை நினைவுகூர்வோம். பனையோலையில் செய்யுளை அடியடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். இத்தகைய ஏடுகளிலிருந்துதான் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் அதே 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிற் கொணர்ந்தார்கள்.

ஓலையில் இல்லாத அடிகளை அவர்கள் எப்படிக் கண்டெடுத்தார்கள்? யாப்பு கைகொடுத்தது. எதுகை அடியின் தொடக்கத்தைக் காட்டியது. சீர்களின் எண்ணிக்கை அடியின் முடிவைக் காட்டியது. ஐயம் எழுந்த இடத்தில் தளை தீர்ப்புச் சொன்னது. வெண்பா என்று தெரிந்துவிட்டால் ஈற்றடி முச்சீராகவும் ஏனைய அடிகள் நாற்சீராகவும் வந்தே தீரவேண்டும். எழுதியவர் அடி பிரிக்காவிட்டாலும் இலக்கணம் அறிந்த பதிப்பாசிரியர் பிரித்துக்கொள்ள முடிந்தது. அதாவது, மரபுக் கவிதை தன் அடியெல்லையைத் தன் ஓசைக்குள்ளேயே வைத்துக் காத்துக்கொண்டது.

புதுக்கவிதைக்கு அந்தக் காப்பு இல்லை. எடுத்துக்காட்டுக்காக நானே இரண்டு அடிகளை அமைத்துக்கொள்கிறேன்.

நீ வரவில்லை
என்று யார் சொன்னது

முதல் அடியின் இறுதியில் வாசகர் ஒரு கணம் நிற்கிறார். அந்தக் கணத்தில் பிரிவு உறுதியாகிவிடுகிறது. அடுத்த அடி அதைத் தகர்க்கிறது. இதையே ஒரே வரியில் "நீ வரவில்லை என்று யார் சொன்னது" என எழுதினால், தெருவில் இருவர் பேசிக்கொள்ளும் சாதாரணக் கேள்வியாகிவிடும். சொற்கள் அவையே. போனது ஓர் அடி முறிவு மட்டும். இந்த முறிவு அழிந்துவிட்டால், நாளை எத்தனை பெரிய பதிப்பாசிரியர் வந்தாலும் எதுகையைக் கொண்டோ தளையைக் கொண்டோ அதை மீட்க இயலாது.

இனி வலைப்பக்கத்துக்கு வருவோம். வலைப்பக்கம் எழுதப்படும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். மீயுரைக் குறியீட்டு மொழி என்று தமிழில் வழங்குகிறோம். நாம் எழுதும் உரைக்கு இடையிடையே, கோண அடைப்புகளுக்குள், சிறு சிறு குறிகளை இடுவதே இம்மொழி. பெரும்பாலான குறிகள் இணையாக வரும். ஒன்று தொடங்கி வைக்கும். சாய்கோடு சேர்ந்த மற்றொன்று முடித்து வைக்கும். அக்குறிகளைப் படித்துப் பக்கத்தைத் திரையில் விரிப்பது உலாவி.

உலாவிக்கு ஓர் இயல்பு உண்டு. கவிஞர்கள் இதை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். குறியேதும் இடாமல் நாம் எத்தனை முறை அடுத்த வரிக்குச் சென்று தட்டச்சு செய்தாலும், எத்தனை இடைவெளிகளை அடுத்தடுத்து விட்டாலும், உலாவி அவை அனைத்தையும் ஒற்றை இடைவெளியாகச் சுருக்கிவிடும். இருபது அடிக் கவிதை ஒரே பத்தியாய் ஓடத் தொடங்கும். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஓடும் அந்தப் பத்தியைப் பார்த்தால் எனக்கு ஓலைதான் நினைவுக்கு வருகிறது. யாப்பின் துணையும் இல்லாத ஓலை!

இதற்கு மாற்று மிக எளியது. 'பி' என்றொரு குறி உண்டு. அது பத்தியைக் குறிப்பது. கவிதையில் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு 'பி' குறிக்குள் அடக்க வேண்டும். 'பி.ஆர்.' என்று இன்னொரு குறி; அது வரி முறிவைக் குறிப்பது. அதற்கு இணைக்குறி இல்லை. அடி முடியும் இடத்தில் தனியே நிற்கும். இவ்விரண்டையும் அறிந்தவர் தம் கவிதையின் உருவத்தைக் காத்துக்கொண்டார் எனலாம்.

இந்த வரி முறிவுக் குறிக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலையைப் பற்றிய முன்மொழிவை அளித்தார். 1991இல் இம்மொழியின் குறிகளைப் பட்டியலிட்டார். அந்த முதற் பட்டியலில் தலைப்பு உண்டு, பத்தி உண்டு, பட்டியல் உண்டு. வரி முறிவு இல்லை. அறிவியல் அறிக்கைகளைப் பகிர்ந்துகொள்ளப் பிறந்த மொழிக்கு அது தேவைப்படவில்லை போலும். 1995 நவம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பின் விவரக்குறிப்பில் வரி முறிவுக் குறி இடம்பெற்றிருக்கிறது. அதை விளக்க அந்த ஆவணம் தந்த எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? குழந்தைகள் பாடும் ஒரு சிறு பாட்டு! இன்றைய விவரக்குறிப்பும், கவிதையிலும் முகவரியிலும் போல வரி முறிவு உள்ளடக்கத்தின் பகுதியாக இருக்கும் இடத்தில் மட்டுமே இக்குறியை இட வேண்டும் என்று வரையறுக்கிறது. நமக்காகவே வைத்த குறி இது. இதை நாமே அறியாதிருப்பது முறையன்று.

அடியின் தொடக்கத்தில் வெற்றிடம் விட்டு, சொற்களைப் படிக்கட்டுபோல் இறக்கி எழுதும் கவிஞர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு 'பிரீ' என்னும் குறி உதவும். அதற்குள் இட்ட இடைவெளிகளும் வரி முறிவுகளும் உள்ளது உள்ளபடியே நிற்கும். ஒரு குறை: எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட தட்டச்சுப்பொறி எழுத்துருவில் காட்டுவதே அக்குறியின் வழக்கம். ணகரமும் ரகரமும் ஒரே அகலத்தில் அடங்குமா? ஆகவே எழுத்துருவை நாமே வேறாகக் குறிப்பிட்டுவிட வேண்டும். அது எப்படி என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

மரபுக் கவிஞர்களுக்கு வரும் இடர் வேறு. எண்சீர் விருத்தத்தின் ஓரடி கைப்பேசித் திரையின் அகலத்துக்குள் அடங்காது. உலாவி அதைத் தானே மடித்து அடுத்த வரியில் இடும். அப்போது மடிந்த வரி எது, புதிய அடி எது என்று வேறுபாடு தெரியாமல், நான்கடி விருத்தம் எட்டடியோ பன்னிரண்டடியோ கொண்டதுபோல் மயங்கித் தோன்றும். அச்சுக்கோத்தவர்கள் இந்த இடரை என்றோ தீர்த்துவிட்டார்கள். மடிந்த பகுதியைச் சற்று உள்ளே தள்ளிக் கோத்தார்கள். அதையே வலைப்பக்கத்திலும் செய்யலாம். ஒவ்வோர் அடியையும் ஒரு தனிக் கூறாக்கி, முதல் வரி இடப்புறம் ஒட்டியும் மடியும் வரி உள்ளே தள்ளியும் நிற்குமாறு கட்டளையிட முடியும். திரை எவ்வளவு குறுகினாலும் அடி அடியாகவே தெரியும்.

அடுத்து அழுத்தம். இங்கே தமிழின் இயல்பை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மொழியில் அழுத்தத்துக்கு இரு குறிகள் உள்ளன. 'இ.எம்.' என்பது குரலை ஏற்றிச் சொல்லும் அழுத்தத்தைக் குறிப்பது. 'ஸ்ட்ராங்' என்பது ஒரு செய்தியின் முதன்மையைக் குறிப்பது. நாம் வேறொன்றும் சொல்லாவிட்டால், உலாவி முன்னதைச் சாய்ந்த எழுத்திலும் பின்னதைத் தடித்த எழுத்திலும் காட்டும். சாய்ந்த எழுத்து ரோமன் எழுத்துமரபில் வளர்ந்தது. தமிழ் அச்சு மரபில் அதற்கு வேர் இல்லை. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவமே வரையப்பட்டிருக்காது. அப்போது உலாவி நேர் எழுத்தையே இயந்திரத்தனமாகச் சாய்த்துக் காட்டுகிறது. ழகரமும் ஞகரமும் காற்றில் வீழ்ந்த வாழைபோல் கிடக்கும்.

தமிழ் தன் அழுத்தத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் இடம்பெறுகின்றன. 'அவன் வந்தான்' என்பதற்கும் 'அவனே வந்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட நமக்குச் சாய்ந்த எழுத்து வேண்டுவதில்லை. ஆகையால் கவிதையில் அழுத்தக் குறியை மிகமிக அருகியே இடுங்கள். இட்டே தீர வேண்டுமாயின், சாய்வை நீக்கித் தடிப்பையோ நிறத்தையோ கொடுக்குமாறு சொல்லிவிடுங்கள். அடிக்கோடும் நமக்கு உகந்ததன்று. உகர ஊகார உயிர்மெய்களின் கீழ்ப்பகுதியை அது வெட்டிச் செல்லும். மேலும், வலைப்பக்கத்தில் அடிக்கோடு என்றால் அது வேறு பக்கத்துக்கான இணைப்பு என்றே வாசகர் கொள்வார்.

நம் எழுத்துகள் இகர ஈகாரங்களில் மேலும், உகர ஊகாரங்களில் கீழும் வளர்வன. ஆதலின் வரிகளுக்கிடையே ரோமன் எழுத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். எழுத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரியுயரம் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி உரைநடையை இழுத்துக் கட்டுவதையும் தவிர்க்கலாம். தமிழ்ச் சொற்கள் புணர்ந்து நீள்வன. குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல் விழும்போது இடையில் பள்ளங்கள் தோன்றிவிடும்.

இவ்வளவு கட்டளைகளையும் எங்கே எழுதுவது? இங்கேதான் என் உரையின் நடுக்கருத்து இருக்கிறது. 'இது தலைப்பு', 'இது கண்ணி', 'இது மேற்கோள்' என்று ஒரு பகுதியின் தன்மையைச் சொல்வது எச்.டி.எம்.எல். மொழியின் வேலை. 'தலைப்பு செந்நிறத்தில், பெரிய எழுத்தில், நடுவில் வரட்டும்' என்று அதன் தோற்றத்தைச் சொல்வது சி.எஸ்.எஸ். எனப்படும் ஒப்பனைத் தாளின் வேலை. 1994இல் ஹோக்கன் வியும் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முதல் தரம் வகுக்கப்பட்ட அத்தாள், தனிக் கோப்பாகவே இருக்கலாம். அதில் ஒரே ஒரு வரியை மாற்றினால் நூறு கவிதைகளின் தோற்றமும் ஒருங்கே மாறும். கவிதைக் கோப்புகளை யாரும் தொட வேண்டியதில்லை.

இந்தப் பிரிவினை நிலைபெறுவதற்கு முன் நிகழ்ந்த குழப்பங்கள் பல. எழுத்தின் நிறத்தையும் அளவையும் உரைக்கு நடுவிலேயே எழுதும் 'ஃபாண்ட்' என்னும் குறி 1997 ஜனவரியில் தரத்துக்குள் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு அதைத் தவிர்க்கத் தக்கதென ஒதுக்கியது. 2014இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு அதை வழக்கொழிந்ததாக்கிற்று. எழுத்தை மினுக்கிக் காட்டும் 'பிளிங்க்' என்றொரு குறியும் இருந்தது. அது எந்தத் தரத்திலும் இடம்பெறாமலே புகழ்பெற்று, பலர் கண்ணையும் வருத்தி, 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் கைவிட்டபின் மறைந்தது. கவிதை மினுக்க வேண்டுமானால் சொல்லால் மினுக்கட்டும்!

ஆனால் 'ஃபாண்ட்' குறி தமிழுக்கு இழைத்த தீங்கு நகைத்துவிட்டுப் போகத் தக்கதன்று. தமிழ் இணையத்துக்குள் கவிதையின் கையைப் பிடித்துக்கொண்டே நுழைந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதைகளும் அவற்றுள் இடம்பெற்றன. தமிழின் முதல் வலைப்பக்கம் என்று பலராலும் குறிக்கப்படுவது அதுவே. அதைத் தொடர்ந்து எத்தனையோ அன்பர்கள் தமிழ்ப் பக்கங்களை எழுப்பினார்கள். அக்காலத்தில் பெரும்பாலோர் கையாண்ட வழி இது: ரோமன் எழுத்துகளுக்கு உரிய எண்களிலும் அவற்றை அடுத்த எண்களிலும் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு ஒன்று, அந்த எழுத்துருவின் பெயரைச் சொல்லும் 'ஃபாண்ட்' குறி ஒன்று. அந்த எழுத்துரு வாசகரின் கணிப்பொறியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற ரோமன் எழுத்துக் குப்பைதான் தெரியும்.

கூர்ந்து நோக்குங்கள். அங்கே கணிப்பொறியில் சேமிக்கப்பட்டது தமிழே அன்று. ஒப்பனை ஒன்றுதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பனை கலைந்ததும் உள்ளே ஆள் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு முறையைக் கையாண்டமையால், எழுத்துரு காணாமற்போன பக்கங்களைப் படிக்க, எந்த முறையில் எழுதப்பட்டது என்று தேடி மாற்றியெடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு மாற்ற யாரும் முன்வராத கவிதைகள் இருந்தும் இல்லாதவையே.

யூனிகோடு என்னும் ஒருங்குறி இக்குறையை நீக்கியது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அகரத்தின் எண் 2949. அந்த எண்ணை வேறெந்த மொழியின் எழுத்தும் பங்கிட்டுக்கொள்ளாது. எழுத்துரு மாறினால் அகரத்தின் சாயல் மாறும். அகரம் அகரமாகவே இருக்கும். எனினும் இது உலாவிகளிலும் இயங்குதளங்களிலும் பரவலாகச் செயற்படப் பல ஆண்டுகள் ஆயின.

இதே கண்கொண்டு இன்றைய வழக்கம் ஒன்றையும் பார்க்க வேண்டும். கவிதையை அழகிய பின்னணியில் எழுதி, அதைப் படமாக்கி இணையத்தில் இடுவது நம்மில் பலருக்கும் பிடித்திருக்கிறது. படம் அழகுதான். ஆனால் கணிப்பொறிக்கு அது நிறப்புள்ளிகளின் கூட்டம். படத்தை எழுத்தாக்கும் கருவிகள் இன்று வந்திருந்தாலும், அவை அழகெழுத்தில் தடுமாறும். அடி முறிவைக் காப்பதற்கும் உறுதியில்லை. கண்பார்வையற்ற வாசகர் திரைவாசிப்புக் கருவியின் துணையோடு கேட்டுப் படிக்கிறார். வேறு விளக்கம் தராத படத்தைக் கண்டால் அக்கருவி 'படம்' என்றோ, கோப்பின் பெயரையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நம் கவிதை அவருக்கு எட்டாது. அதையே எழுத்தாக ஏற்றி, தலைப்புக்கு 'எச்.1' முதல் 'எச்.6' வரையுள்ள தலைப்புக் குறிகளில் உரியதை இட்டிருந்தால், அவர் தலைப்புவிட்டுத் தலைப்புத் தாவி விரும்பிய கவிதையை அடைவார். தலைப்பை வெறுமனே பெரிதாக்கித் தடித்த எழுத்தில் வைத்தால் கண்ணுள்ளவருக்கு மட்டுமே அது தலைப்பு. பக்கத்தின் தொடக்கத்தில் 'இதன் மொழி தமிழ்' என்று அறிவிக்கும் ஒரு பண்பையும் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் கருவி தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும்.

அன்பர்களே, நம் தொகுப்பு இணையம் ஏறுமுன் ஒவ்வொரு கவிஞரும் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். கவிதையை ஒருங்குறியில் தாருங்கள். அடி முடியும் இடத்தையும் கண்ணி முடியும் இடத்தையும் ஐயமின்றிக் குறித்துத் தாருங்கள். எந்தச் சொல்லுக்கேனும் அழுத்தம் உண்டெனில் ஏன் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொண்டு குறியுங்கள். நிறம், எழுத்துரு, அளவு ஆகியவற்றைப் பற்றிய ஆசைகளைத் தனித்தாளில் எழுதித் தாருங்கள். அவை ஒப்பனைத் தாளுக்குப் போகட்டும். பக்கம் உருவானபின் அதைக் கைப்பேசியில் ஒருமுறையும் பெரிய திரையில் ஒருமுறையும் நீங்களே பாருங்கள். முடிந்தால் ஒப்பனைத் தாளை நீக்கிவிட்டும் பாருங்கள். எல்லா அழகும் போனபின்னும் உங்கள் அடிகள் அடிகளாகவே நின்றால், அந்தக் கவிதை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களைப் பதிப்பாசிரியர்கள் காத்துத் தந்தார்கள். அந்நூல்களை இயற்றிய புலவர்கள் அருகில் இல்லை. கேட்டுத் தெளிய வழியில்லை. நம் நிலை அதுவன்று. எழுதிய கை இங்கே இருக்கிறது. இந்த அடி இங்கேதான் முடிகிறது என்று சொல்லும் உரிமையும் பொறுப்பும் அந்தக் கையினுடையவை. நாம் உயிரோடிருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம்.